துலக்கிய தகடு

என் அத்தானைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்லுங்கள், சரி. வாயைத் திறந்தால் எர்த் கம்பியைத் தவிர வேறு பேச்சே வராது என்று சொல்லுங்கள், அதுவும் சரிதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வெளியூர் போய் வந்தவள் நான், அந்த வேதனை எனக்குத் தெரியும். ஆனால் அஜாக்கிரதையால் ஓர் உயிரைக் குடித்தவர் என்று மட்டும் என் காதுபடச் சொல்லாதீர்கள். போன வாரம் மளிகைக் கடையில் ஓர் அம்மாள் அப்படித்தான் சொன்னாள். வாங்கிய சாமானைக் கல்லா மேலேயே போட்டுவிட்டு, அவளைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டு வெளியே வந்தேன். சாமானை எடுக்க மறுபடி உள்ளே போக வேண்டியிருந்தது, அது என் தலையெழுத்து.

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்லலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. கொடுத்தது யார் என்பது கடைசியில் வரும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் மூன்று பேரும் ஒரே குளிர்கிடங்கில் வேலை பார்த்தோம். மீன், இறைச்சி, பட்டாணி என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். உறைய வைத்து அடுக்கி, கேட்கிற கடைகளுக்கு அனுப்புவார்கள். எனக்கு முன்வாசலில் வரவேற்பு மேசை. அக்கா துப்புரவுப் பிரிவுக்குத் தலைவி. அத்தான் கதவுகளையும், கதவுகளில் இருக்கிற கார்டு ரீடர்களையும் பார்த்துக்கொள்கிறவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் கருப்புப் பட்டை ஒட்டிய கார்டை ஒரு பிளவில் வைத்து இழுத்தால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். நாம் பாட்டுக்கு இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அந்தப் பிளவுக்குள் அரிசி அளவுக்கு ஒரு தலை உட்கார்ந்திருக்கிறது, அதுதான் பட்டையைப் படிக்கிறது என்பதெல்லாம் அத்தானுக்குப் பெண் கொடுத்த குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த சங்கதி. சாப்பிடும்போதும் விடமாட்டார், சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தத் தலைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று அழுக்கு. அட்டைப்பெட்டித் தூசி, கைப்பிசுக்கு எல்லாம் கார்டோடு சேர்ந்து உள்ளே போய் அப்பிக்கொள்ளும். அதற்கு அத்தான் ஸ்பிரிட்டில் நனைத்த துணி சுற்றிய ஒரு கார்டு வைத்திருந்தார். காலையில் ஒவ்வொரு பிளவிலும் அதை மெதுவாக இழுப்பார், குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற மாதிரி. இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது. குளிர் அறைக்குள் காற்று வறண்டு கிடக்கும். நைலான் ஜாக்கெட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு அதில் நடமாடினால் உடம்பில் மின்சாரம் சேர்ந்துகொண்டே வரும். நமக்கு ஒன்றும் உறைக்காது. கை ரீடர் பெட்டிக்குப் பக்கத்தில் போகும்போது சுரீரென்று ஒரு பொறி தாவும். நமக்கு எறும்பு கடித்த மாதிரி இருக்கும், ரீடருக்குள் இருக்கிற மின்சுற்றுப் பலகை கருகிவிடும்.

அதனால் அத்தான் ஒவ்வொரு ரீடருக்குப் பக்கத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகட்டைத் திருகி வைத்தார். தகட்டின் பின்னால் ஒரு கம்பி, அது நேராக மண்ணுக்குப் போகும். முதலில் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருப்பது மண்ணுக்குப் போய்விடும், அப்புறம் கார்டை இழுக்கலாம். இது எல்லாருக்கும் பழக்கமாகிற வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "தொட்டுக்கோ, தொட்டுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தொட்டுக்கோ என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. மேலாளரே ஒருநாள் வாய் தவறி "தொட்டுக்கோவைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அசடு வழிந்தார்.

அக்காவுக்கு அவர் மேல் முதலில் வந்தது கோபம்தான். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. கழுவி வைத்த டம்ளரையும் ஒருமுறை கழுவித்தான் தண்ணீர் குடிப்பாள். ஃப்ரீசர் கதவில் ஒருநாள் அவளுடைய கார்டை ரீடர் ஏற்கவில்லை. சிவப்பு விளக்கையே காட்டியது. இவள் கார்டை ஜாக்கெட்டில் வறட்டு வறட்டென்று தேய்த்துத் தேய்த்து இழுத்துக்கொண்டிருக்க, அத்தான் ஓடி வந்தார்.

"பொட்டி முழுக்க அழுக்கு. தொடைக்கவே மாட்டீங்களா?" என்றாள்.

"அழுக்கு இல்லீங்க. நீங்க ஜாக்கெட்ல தேய்க்கிறீங்க பாருங்க, அதான் ஆபத்து."

"அப்புறம் பிசுக்கோடயா உள்ளே விடச் சொல்றீங்க?"

"தேய்க்காதீங்க. தொட்டுட்டு இழுங்க, போதும்."

"அழுக்கு அப்படியே இருக்கட்டும்ங்கிறீங்க. நல்லா இருக்கே நியாயம்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அத்தானுக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்த வருஷம் கல்யாணம். அதே சண்டை வீட்டுக்குள் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அவளுக்கு அழுக்கு, அவருக்குப் பொறி. புது வீட்டு இரும்புக் கதவில் கைவைத்தால் வறண்ட நாளில் சுரீர் என்கிறது என்று வாசல் நிலைக்குப் பக்கத்தில் அங்கேயும் ஒரு தகட்டை மாட்டிவிட்டார். வேலை விட்டு வந்ததும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். அக்கா அதைத் தொட்டதே இல்லை. துடைப்பதோடு சரி. பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஒருத்தரை ஒருத்தர் நச்சரித்துக்கொண்டு, நான் பார்த்து வயிறெரிகிற அளவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

கேடு வந்தது பெட்டி திருட்டில். ஃப்ரீசரிலிருந்து பெட்டிகள் காணாமல் போயின. அதுவரை உள்ளே போகத்தான் கார்டு வேண்டும். வெளியே வர, கதவின் உட்பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. தள்ளினால் திறக்கும். யார் எப்போது வெளியே போகிறார்கள் என்று தெரியவில்லை என்பதால், அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, வெளியே வருவதற்கும் கார்டுதான் என்று மேலாளர் முடிவு செய்தார். அத்தான் அவர் அறைக்குள் போனார். என் மேசை அந்த அறைக் கதவுக்கு நேர் வெளியே. அவர்கள் பேசியது முழுக்க என் காதில் விழுந்தது.

"சார், உள்ள ஆளுங்க இருக்காங்க. கைப்பிடியை எடுக்காதீங்க. பொட்டி ஒருநாள் மக்கர் பண்ணா அவங்க கதி என்ன?"

"உள்ளே மணி வச்சுத் தரோம்ல? அழுத்தினா வெளியே கேக்கும்."

"மணிக்கும் அதே பொட்டிலேர்ந்துதான் சார் கரண்ட் போகுது."

"சரி, நேராவே கேக்கறேன். உங்க ரீடர் வேலை செய்யுமா, செய்யாதா? செய்யாதுன்னா சொல்லுங்க, செய்ய வைக்கத் தெரிஞ்ச ஆளைப் பாத்துக்கறேன்."

பிறகு அத்தானின் குரல் வந்தது. "செய்யும் சார்."

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மச்சினி, என் வாயாலேயே என்னைக் கட்டிப் போட்டுட்டாங்க" என்றார். வழக்கமாக அவரைக் கேலி செய்ய எனக்கு ஒரு சாக்கு போதும். அன்று ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கதவுக்குப் பின்னால் தினமும் போய் வந்தது என் அக்கா. சுவரில் பிடித்த பனியைச் சுரண்டுவது, உடைந்த பெட்டிகளை அள்ளுவது எல்லாம் அவள் பொறுப்பு. கைப்பிடியைக் கழற்றிய நாளிலிருந்து அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. உட்பக்க ரீடருக்கும் ஒரு தகடு மாட்டினார். மற்ற கதவுகளை ஒருமுறை சோதித்தால் அந்தக் கதவை இரண்டுமுறை சோதிப்பார். தகட்டில் மீட்டரின் ஒரு முனையை வைத்து, எர்த் கம்பியில் மறு முனையை வைத்து, முள் அசைகிறதா என்று பார்ப்பார். அசைந்தால்தான் மூச்சு விடுவார். அக்கா வெளியே வருகிற நேரத்துக்குத் திருப்புளியைத் தேடுகிறேன், துணியைத் தேடுகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தக் கதவோரமே திரிவார். "என்ன தொட்டுக்கோ, பெண்டாட்டி ஓடிப்போயிடுவாளா?" என்று ஆட்கள் கேட்பார்கள். சிரித்துவிட்டு அங்கேயே நிற்பார். பச்சை விளக்கு எரிந்து, வாயில் புகை விட்டுக்கொண்டு அக்கா வெளியே வந்த பிறகுதான் நகர்வார்.

எனக்கும் அந்தக் கதவைக் கண்டால் ஆகாது. நான் உள்ளே போகிற வேலையே இல்லை. ஆனாலும் அது 'டப்' என்று மூடிக்கொள்கிற சத்தம் என் மேசை வரைக்கும் கேட்கும். ஒவ்வொருமுறையும் நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

பிறகு பெரிய இடத்திலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். கிடங்கே அல்லோலகல்லோலப்பட்டது. அத்தானைப் புதுக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே ரீடர்களை எல்லாம் புதிதாகப் பொருத்த வேண்டும், முடிகிற வரை ராத்தங்கலும் அங்கேயே. அக்காவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. தரை, சுவர், கதவு எல்லாம் கண்ணாடி போல் ஆகிவிட்டன. தகடுகள் மட்டும் அத்தனை பேர் கைபட்டுக் கறுத்துக் கிடந்தன. அவள் புருஷனுடைய தகடுகள். வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தால் அவளுக்குப் பொறுக்குமா?

விடுமுறை நாளில் நான் அவள் வீட்டுக்குப் போனபோது மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்து, தகடுகளை வரிசையாகக் காய வைத்திருந்தாள். ஃப்ரீசர் கதவின் இரண்டும் இருந்தன, என் வாசலில் இருந்ததும் இருந்தது. வீட்டு நிலைத் தகடும் இருந்தது. அதில்தான் முதலில் பூசிப் பார்த்தாளாம். தங்கம் தோற்றது. மூக்கைத் துளைக்கிற ஒரு வாடை.

"என்னக்கா இது, முகம் பாத்துத் தலை வாரிக்கலாம் போல இருக்கு?"

"துலக்கிட்டு மேலே தெளிவா ஒரு வார்னிஷ் கொடுத்திருக்கேன்டி. கடைக்காரர் சொன்னார், இனிமே கறுக்கவே கறுக்காதாம். ரெண்டு தடவை பூசியிருக்கேன்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"அவர்கிட்ட மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன். நாளைக்கு வந்து பாத்துட்டு அப்படியே மயங்கி விழணும்!"

அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மறுநாள் விடிந்ததும் வீட்டுத் தகட்டை நிலையில் மாட்டிவிட்டு, மற்றவற்றைக் கிடங்குக்கு எடுத்துப் போய் மாட்டினாள். திருகிக் கொடுத்தது சுமை தூக்குகிற ஒருவர். வேலை முழுக்கப் பாடிக்கொண்டே செய்வார், அதனால் அவரைப் பாட்டு என்றுதான் கூப்பிடுவோம். வயதானவர், நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அக்காவைத் தங்கச்சி என்பார். அந்த உரிமையில் அத்தானை மச்சான் என்பார். கம்பிகளையும் ஒழுங்காகத்தான் மாட்டினார்கள். பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

அத்தான் புதுக் கட்டடத்திலிருந்து வந்து, கையில் மீட்டரோடு ஃப்ரீசர் கதவுக்குப் போனார். தகட்டைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது.

"யாரு துலக்கினது?"

"வேற யாரு? உன் சம்சாரம்தான் மச்சான்" என்றார் பாட்டு.

அத்தான் கூச்சத்தோடு சிரித்து, அந்தத் தகட்டைக் கன்னத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். மீட்டரைத் திறக்கப் போனவரை நுழைவாயிலிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே ரீடர் சிக்கிக்கொண்டதாம், விருந்தாளிகளின் கார் வெளியே நிற்கிறதாம், மேலாளர் குதிக்கிறாராம். "இதோ வந்து பாத்துக்கறேன்" என்று மீட்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் நான் என் வாசலில் தகட்டைத் தொட்டுவிட்டுக் கார்டை இழுத்தேன். சுரீர் என்று விரலில் கடித்தது. தொட்டுவிட்டு இழுத்தால் ஒருநாளும் அப்படிக் கடித்ததில்லை. விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டுப் பச்சைக்கு வந்தது. பூங்கொத்தோடு விருந்தாளிகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டி வரவேற்றேன்.

எல்லாரையும் கூட்ட அறையில் உட்கார வைத்தார்கள். மேலாளர் பேசினார், வந்தவர்கள் பேசினார்கள், மறுபடி மேலாளர் பேசினார். வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கினவர்கள் உண்டு. ஃப்ரீசரைக் கடைசியில் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. கூரையில் பனி தொங்குகிறது, விருந்தாளிகள் தலைமேல் விழுந்தால் மானம் போய்விடும் என்று அக்கா ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டு பாட்டையும் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தாள். இது எங்களில் யாருக்கும் தெரியாது. செல்போன்களைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது சட்டம்.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள். வேலை முடிந்து கார்டை இழுத்தாளாம், சிவப்பு. பனித்தூள் ஒட்டியிருக்கிறது என்று ஜாக்கெட்டில் நன்றாகத் தேய்த்தாளாம். புருஷன் பேச்சுக்கு மரியாதை கொடுத்துத் தகட்டையும் அழுத்தித் தொட்டாளாம். அப்புறம் இழுத்தாளாம். நீலமாக ஒரு பொறி பிளவுக்குள் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். விளக்கு அணைந்தது. மணியை அழுத்தினார்கள், மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டினார்கள். அந்தக் கதவு அவ்வளவு தடிமன், தட்டுவது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

கூட்ட அறைக்கு அத்தான் பின்வாசல் வழியாக வந்தார். நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவின் நாற்காலி காலி. என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டார். தெரியாது என்று நான் கையை விரித்தேன். மறு நிமிஷம் அவரைக் காணோம். எழுந்து பின்னாலேயே ஓடினேன்.

ஃப்ரீசர் கதவில் வெளிப்பக்க விளக்கும் அணைந்து கிடந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பலகை. அத்தான் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என் அத்தான், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தொடை நடுங்குகிற மனிதர், கூட்ட அறைக்கு ஓடி மேடையில் ஏறி மேலாளரின் சட்டையைப் பிடித்தார். "சாவி! சாவி குடுய்யா!" என்று கத்தினார். அவசரத்துக்கென்று மேலாளரிடம் இருந்த சாவியைக் கொடுத்தார்கள். பூட்டில் பனி இறுகியிருந்தது, சாவி திரும்பவில்லை. கடைசியில் பெட்டி தூக்குகிற வண்டியைக் கொண்டுவந்து முட்டித்தான் கதவைப் பெயர்த்தார்கள்.

அக்கா பெட்டிகள் மேல் குறுகி உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் இரண்டு ஜாக்கெட் இருந்தது. பக்கத்தில் பாட்டு வெறும் சட்டையோடு சாய்ந்திருந்தார். "பாடிக்கிட்டே இருந்தார்டி, எனக்குத் தூக்கம் வரக் கூடாதுன்னு பாடிக்கிட்டே இருந்தார். பாதிலே நிறுத்திட்டார்" என்று அவள் பிறகு சொன்னாள். அவள் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. பாட்டு போயே போய்விட்டார்.

அக்காவை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் பையை எடுக்கத் திரும்பி வந்தேன். அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் பெயர்ந்து கிடந்த கதவுப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மீட்டர் தரையில் கிடந்தது. ஒரு சின்னக் கத்தியால் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசான சுருள்கள் முழங்காலைச் சுற்றி விழுந்திருந்தன. என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வார்னிஷ் மேல தொட்டா கரண்ட் மண்ணுக்கு இறங்காது. இதைப் பூசினது அவதானே?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"பாட்டுக்குத் தெரியும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவர் சுருள்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தரையில் கிடந்த அழுக்கை அப்பித் தகட்டைக் கறுப்பாக்கினார். பிறகு தகட்டின் பின்னால் கையை விட்டு, எர்த் கம்பியைப் பிடுங்கித் தொங்கவிட்டார். "நான் கழட்டினேன், மறுபடி மாட்ட மறந்துட்டேன். புரியுதா மச்சினி? அவளால ஒரு ஆள் செத்துட்டார்னு தெரிஞ்சா அவ இருக்க மாட்டா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்." என் காலைத் தொடக் குனிந்தார். அடப்பாவி மனுஷா என்று நான் விலகிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

விசாரணையில் அதையே சொன்னார். காவல் நிலையத்தில் அதையே சொன்னார், கோர்ட்டிலும் அதையே சொன்னார். குற்றத்தை ஒத்துக்கொள்கிற ஆள் கையில் கிடைத்துவிட்டதால், கழற்றி எறிந்த கைப்பிடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, மற்ற கதவுகளின் தகடுகளையும் ஒருவரும் சோதிக்கவில்லை. மேலாளர் இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அத்தான் சிறைக்குப் போனார்.

அக்கா அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. "ஊருக்கெல்லாம் தொட்டுக்கோ தொட்டுக்கோன்னு சொன்னாரே, ஒரு கம்பியை மாட்டத் தெரியலையா? பாட்டண்ணனைக் கொன்னுட்டாரே!" என்று என்னிடம் கத்துவாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் நாக்கு எவ்வளவு நீளம் என்று எங்கள் குடும்பத்துக்கே தெரியும். அதை அடக்கி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தான் வெளியே வந்த பிறகும் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். அவள் வந்து அதை மறுபடி கழுவுவாள். தெருவில் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்த்துக் கிடைத்ததைக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பார்.

இப்போது வறண்ட மாதம். போன வாரம் மளிகைக் கடைச் சண்டை முடிந்த கையோடு நான் அக்கா வீட்டுக்குப் போனேன், ஆத்திரம் தணியாமல். அவள் வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அத்தான் காய் வாங்கப் போயிருந்தார்.

"ஏன்டி, அவர் வெளியே வந்ததிலேர்ந்து ஒண்ணு கவனிச்சியா?" என்றாள். "இந்தத் தகட்டைத் தொடறதே இல்ல. கை தானா மேல போகுது, பாதிலே நின்னுடுது, இறக்கிடறார். தினம் பாக்கறேன்."

"மறந்திருப்பார்க்கா."

"அவரா? தொடறதையா?" அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னிக்கு நான் தொட்டுப் பாத்தேன். நைலான் விரிப்பு மேல நடந்து வந்து, தகட்டைத் தொட்டேன். தொட்டுட்டுத்தான்டி கதவைத் தொட்டேன். சுரீர்னு அடிச்சுது."

நான் கையிலிருந்த சாமான் பையைக் கீழே வைத்தேன்.

"மத்த பித்தளையெல்லாம் வீட்ல கறுத்துப்போச்சு. இது மட்டும் கறுக்கவே இல்ல பாரு" என்றாள். "கத்தி எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். அவளால் சரியாகப் பிடிக்க முடியவில்லை, அதனால் நான்தான் சுரண்டினேன். மெல்லிசாக ஒரு சுருள் எழும்பியது. அவள் அதைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அங்கேயும் இதானே?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அழுதேன். அவள் அழவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாட்டண்ணே, பாட்டண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் கழித்து, "மிச்சத்தையும் சுரண்டு" என்றாள். சுரண்டி முடித்தேன். "நாளைக்கு பாட்டண்ணன் வீட்டுக்குப் போய் நானே சொல்றேன். அவங்க என்னை என்ன செஞ்சாலும் சரி. நீ எல்லார்கிட்டயும் சொல்லு. அந்த மனுஷனை இனி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. என்னைச் சொல்லட்டும்."

அத்தான் காய்ப்பையோடு படியேறி வந்தார். பழக்கத்தில் கை மேலே போனது, பாதியில் நின்றது. கீழே கிடந்த சுருள்களைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார், அது வெறும் பித்தளையாக, கீறல் கீறலாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அக்கா எழுந்து நின்றாள். அவர் வெளியே வந்ததிலிருந்து அவள் அவரிடம் வாய் திறந்து பேசியது அதுதான் முதல்முறை.

"தொட்டுட்டு உள்ள வாங்க" என்றாள்.